கேட்கப்படும் உரிமை: அரசு ஊழியர் பணிநீக்கமும் நீதிமன்றச் சீராய்வும்

1. முன்னுரை

கெடா மாநிலத்தின் தென்கிழக்கில், பேரா மாநிலத்தையும் தாய்லாந்து எல்லையையும் ஒட்டி அமைந்துள்ள பாலிங் மாவட்டத்தை நாட்டு வரலாறு ஒரு பேச்சுவார்த்தையின் பெயரால் நினைவுகூர்கிறது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் பாலிங் நகரின் ஆங்கிலப் பள்ளியில் துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தனர். இரு தரப்பும் ஒன்றன் வாதத்தை மற்றொன்று கேட்டது, உடன்பாடு ஏற்படவில்லை. கேட்பது வேறு, இணங்குவது வேறு என்பதற்கு அந்நிகழ்வு ஒரு சான்று. இக்கட்டுரை ஆராய முற்படும் பொருளுக்கும் இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலிங் வட்டாரத்திலுள்ள எங்கள் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். லயத்தில் எனக்கு மூத்தவராக வளர்ந்து, பின்னர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பொதுப் பணியாளராகச் சேர்ந்த அண்ணன் ஒருவர், நெகிழிப் பையில் சில கடிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். நோயுற்ற தாயாரைக் கவனிப்பதற்காக விடுப்பு அனுமதியின்றிச் சில நாள்கள் பணிக்குச் செல்லாதிருந்ததற்காக அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அக்கடிதம் அவர் கைக்கு வந்து பதினொரு மாதங்கள் கடந்திருந்தன. அதற்கு முன் வந்த, காரணம் கோரும் கடிதத்திற்கு அவர் இரண்டே வரிகளில் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதியிருந்தார். தாயாரின் நோயைப் பற்றியோ, மருத்துவமனைச் சீட்டுகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. காரணம் கேட்டேன். “கூப்பிட்டு விசாரிப்பார்கள், அப்போது நேரில் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன் தம்பி” என்றார். அவரை எவரும் கூப்பிடவில்லை. சட்டப்படி கூப்பிட வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

அரசு ஊழியர்மீது நிர்வாகம் எடுக்கும் கட்டொழுங்கு முடிவை நீதிமன்றம் எந்த அளவிற்குச் சோதிக்கும், எதைச் சோதிக்காது, எக்காலத்திற்குள் அதனை அணுக வேண்டும் என்பவற்றை மலேசியத் தீர்ப்புகளின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டிற்காக இந்திய, ஆங்கிலேயத் தீர்ப்புகள் சிலவும் எடுத்தாளப்படுகின்றன.

2. இரு தொழிலாளர், இரு சட்டங்கள்

தோட்டப்புறத் தமிழரிடையே ‘கவர்மெண்டு வேலை’ என்பதற்குத் தனி மதிப்புண்டு. பால்வெட்டுக்கும் செம்பனைக் குலை அறுப்பிற்கும் போன பெற்றோர், தம் பிள்ளை மருத்துவமனை ஊழியராகவோ, பள்ளி ஆசிரியராகவோ, பொதுப்பணித் துறைத் தொழிலாளியாகவோ, காவலராகவோ ஆகிவிட்டால் அப்பிள்ளையின் வாழ்வு நிலைபெற்றுவிட்டது என்று எண்ணினர். மாதச் சம்பளம், மருத்துவ வசதி, ஓய்வூதியம் ஆகியவற்றைக் கருதும்போது அவ்வெண்ணம் பொருத்தமானதே. ஆயினும், வேலையிலிருந்து நீக்கப்படும்போது கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு எனும் ஒன்றில் நிலைமை சற்று வேறானது.

தோட்ட நிர்வாகத்தால் நீக்கப்படும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ், நீக்கப்பட்ட 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். சமரசம் கைகூடாவிடில் வழக்கு தொழில் நீதிமன்றத்திற்குச் செல்லும். 2021ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதனை அங்கு அனுப்புவது அமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. தலைமை இயக்குநரே நேரடியாக அனுப்பிவைப்பார். தொழில் நீதிமன்றம் சாட்சிகளை அழைத்து, நீக்கத்திற்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதைத் தானே தொடக்கத்திலிருந்து விசாரிக்கும். நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. 1954ஆம் ஆண்டில் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் போன்ற அமைப்புகள் உறுப்பினர் சார்பில் வாதாடவும் இடமுண்டு.

அரசு ஊழியருக்கு இவ்வாயில் திறந்திருக்கவில்லை. அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு அரசாங்கச் சேவையிலுள்ளோரை 20ஆவது பிரிவின் வரம்பிலிருந்து விலக்கிவைக்கிறது. அவர்கள் செல்ல வேண்டிய இடம் உயர் நீதிமன்றம். அங்கு அவர்களுக்குக் கிடைப்பது முழு விசாரணையன்று, சீராய்வு மட்டுமே. தோட்டத்திலிருந்து நீக்கப்பட்ட தந்தைக்கு, “நான் அக்குற்றத்தைச் செய்யவில்லை” என்று ஒரு நடுவர்முன் சாட்சிகளோடு வாதிடும் வாய்ப்பு உண்டு. அலுவலகத்திலிருந்து நீக்கப்பட்ட மகனுக்கோ, “என்னை நீக்கிய முறை சட்டப்படி அமையவில்லை” என்று வாதிடும் வாய்ப்பே பெரும்பாலும் எஞ்சுகிறது. நிலையான வேலை என்று கருதப்பட்டதில் உள்ள இந்த முரண் நம் குடும்பங்களில் போதிய அளவு உணரப்படவில்லை.

3. அரசியலமைப்புத் தரும் காப்பு

இதனால் அரசு ஊழியர் காப்பற்றவர் என்று கொள்ளலாகாது. அவருக்குரிய காப்பு கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. ஊழியர் மாமன்னர் விரும்பும் காலம்வரை பதவி வகிக்கிறார் என்று 132ஆவது பிரிவு கூறுகிறது. பிரிட்டிஷ் முடியாட்சி மரபிலிருந்து வந்த இக்கோட்பாட்டிற்கு 135ஆவது பிரிவு இரண்டு வரம்புகளை விதிக்கிறது. முதலாவது, நியமிக்கும் அதிகாரம் உடையவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி ஒருவர் ஊழியரைப் பதவிநீக்கமோ பதவியிறக்கமோ செய்தல் கூடாது. இரண்டாவது, தம் தரப்பைக் கூற நியாயமான வாய்ப்பு அளிக்கப்படாமல் எவரையும் அவ்வாறு செய்தல் கூடாது.

இரண்டாவது வரம்பிற்கு விதிவிலக்குகளும் உள. ஊழியர் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தால், அக்குற்றச் செயலின் அடிப்படையில் நீக்கும்போது தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கேட்பது நடைமுறைக்கு இயலாது என்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிவுசெய்த இடத்தும், நாட்டின் பாதுகாப்புக் கருதிய இடத்தும், தடுப்புக்காவல் போன்ற ஆணைகள் பிறப்பிக்கப்பட்ட இடத்தும் கேட்கும் கடமை இல்லை.

விதிவிலக்கு விரிந்தால் உரிமை எவ்வளவு சுருங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழ்நாட்டு அரசு ஒரே வீச்சில் பதவிநீக்கம் செய்தது. தனித்தனி விசாரணை எதுவும் நடைபெறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கூறியது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்ந்தது, அரசு தானே அதற்கு இசைந்ததன் விளைவாகும். எஞ்சிய சில ஆயிரவரின் நிலையை ஓய்வுபெற்ற நீதிபதிகள் ஆராய ஏற்பாடாயிற்று. கேட்கப்படும் உரிமையின் வலிமையை விட அரசின் இசைவே அவர்களுக்குத் துணைநின்றது எனலாம்.

4. கண்டா வழக்கு

மலேசியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்ட வழக்கு, காவல்துறை ஆய்வாளர் சுரிந்தர் சிங் கண்டா மலாயாக் கூட்டரசு அரசாங்கத்திற்கு எதிராகத் தொடுத்ததாகும். இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், அந்நாட்டு நிர்வாகச் சட்ட நூல்களில் இப்பெயர் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவதைக் கண்டு வியந்ததுண்டு. அங்குச் சட்டம் பயிலும் மாணவர் அறிந்த இப்பெயரை, இவ்வழக்கு பிறந்த வட மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை.

1958ஆம் ஆண்டு ஜூலை மாதம் கண்டாவைக் காவல்துறை ஆணையர் பதவிநீக்கம் செய்தார். அதற்கு முன்பு, சில குற்ற வழக்குகள் நீதிமன்றத்தில் தோல்வியுற்றதன் காரணத்தை ஆராய விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் அறிக்கை கண்டாவைக் கடுமையாகக் குறைகூறியது. கண்டாமீதான கட்டொழுங்குக் குற்றச்சாட்டை விசாரித்த அதிகாரியிடம் அவ்வறிக்கை இருந்தது. கண்டாவிடம் அது கொடுக்கப்படவில்லை. தம் நீக்கம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி அவர் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால் அத்தீர்ப்பை மாற்றியது. கண்டா இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலை அணுகினார். 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் டென்னிங் பிரபு வழங்கிய தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது.

இத்தீர்ப்பு இரண்டு காரணங்களைக் கொண்டது. முதற் காரணம் அதிகாரம் பற்றியது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின், ஆய்வாளரை நியமிக்கும் அதிகாரம் காவல்துறைச் சேவை ஆணையத்திடம் சென்றுவிட்டது. எனவே அதற்குக் கீழ்ப்பட்ட காவல்துறை ஆணையருக்கு அவரை நீக்கும் அதிகாரம் இல்லை. ஆணையம் முறைப்படி ஒப்படைத்த அதிகாரத்தைக் கொண்டு பிறர் நீக்கலாம் என்ற விதிவிலக்கு இன்று 135ஆவது பிரிவில் உள்ளமையால், இக்காரணத்தின் வீச்சு குறைந்துவிட்டது. எனினும், கடிதத்தில் கையொப்பமிட்டவருக்கு அவ்வதிகாரம் உண்டா என்ற வினா இன்றும் முதலில் கேட்கப்பட வேண்டியதே.

இரண்டாம் காரணமே நிலைத்த புகழுடையது. கேட்கப்படும் உரிமை மெய்யான உரிமையாக வேண்டுமெனில், தம்மீது சாட்டப்படுவது யாது, தமக்கு எதிராக யார் என்ன கூறியுள்ளனர் என்பவற்றை ஊழியர் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை மறுக்கவும் திருத்தவும் வாய்ப்புப் பெறுதல் வேண்டும். நீதிபதியின் செவிக்கு ஒரு தரப்பின் செய்தி மறுதரப்பு அறியாமல் சென்று சேர்தல் ஆகாது. அவ்வறிக்கை விசாரணை அதிகாரியின் மனத்தை உண்மையிலேயே திருப்பியதா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. திருப்பக்கூடிய இடர் இருந்ததே போதுமானது என்று கொண்டது.

இவ்விடத்தில் இந்தியச் சட்டம் சற்று விலகிச் செல்கிறது. 1993ஆம் ஆண்டில் கருணாகர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், விசாரணை அறிக்கையின் நகலை ஊழியருக்கு அளித்தே ஆக வேண்டும் என்று கண்டாவின் வழியிலேயே கூறியது. ஆனால் நகல் அளிக்கப்படாமையால் மட்டும் நீக்கம் தானாகச் செல்லாததாகிவிடாது என்றும், அதனால் ஊழியருக்குப் பாதகம் விளைந்ததா என்று பார்க்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. கண்டா தீர்ப்பு இடரையே போதுமெனக் கொண்டது. கருணாகர் தீர்ப்பு விளைவைத் தேடுகிறது.

5. சீராய்வும் மேல்முறையீடும்

இங்கு எழும் அடிப்படை வினா ஒன்று: கண்டா குற்றம் புரிந்தாரா, இல்லையா? பிரிவி கவுன்சில் அவ்வினாவுக்கு விடைகூறவில்லை. விடைகூறுவது தன் பணியென்றும் கருதவில்லை. மேல்முறையீட்டில் மேல் மன்றம் கீழ் மன்றத்தின் முடிவு சரியா என்று பார்க்கிறது. சீராய்வில் நீதிமன்றம் அம்முடிவு எட்டப்பட்ட வழியைப் பார்க்கிறது.

தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு இவ்வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் கொண்டு விளக்கலாம். பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லை நம்பினான். கோவலனை அழைத்துக் கேளாமல் கொலைக்கு ஆணையிட்டான். பின்னர் அரசவைக்கு வந்த கண்ணகி தன் சிலம்பை உடைத்து, உள்ளிருந்த மாணிக்கப் பரல்களைக் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கோவலன் கள்வன் அல்லன் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. கண்ணகி செய்தது, இன்றைய மொழியில் கூறின், முடிவின் சரி பிழையைச் சான்று காட்டி உடைத்ததாகும்; அது மேல்முறையீட்டின் வழி. சீராய்வு நீதிமன்றம் சிலம்பை உடைக்காது. கோவலன் அழைக்கப்பட்டானா, குற்றச்சாட்டு அவனுக்குக் கூறப்பட்டதா, அவன் மொழி கேட்கப்பட்டதா என்று மட்டும் வினவும். கேட்கப்படவில்லையெனில், அவன் உண்மையில் கள்வனாகவே இருந்திருப்பினும் அத்தண்டனை செல்லாது. அவ்வாறே, முறைப்படி கேட்டபின் தவறான முடிவுக்கு வந்திருப்பினும் அம்முடிவு பெரும்பாலும் நிலைத்துவிடும். முன்னது ஊழியருக்கு ஆறுதல், பின்னது எச்சரிக்கை.

சீராய்வுக்குரிய காரணங்களை 1984ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் டிப்ளாக் பிரபு மூன்றாக வகுத்தார்: சட்டத்திற்கு முரண்படுதல், அறிவுக்குப் பொருந்தாமை, நடைமுறைப் பிறழ்வு. செல்டன்ஹாமிலிருந்த அரசுத் தகவல்தொடர்புத் தலைமையக ஊழியரின் தொழிற்சங்க உரிமை பற்றிய அவ்வழக்கும் ஓர் அரசு ஊழியர் வழக்கே என்பது குறிப்பிடத்தக்கது. மலேசிய நீதிமன்றங்கள் இவ்வகைப்பாட்டை ஏற்றுள்ளன. அறிவுக்குப் பொருந்தாமை என்பது நீதிபதிக்கு உடன்பாடில்லாத முடிவு என்று பொருள்படாது. அறிவுடைய எவரும் எட்டியிருக்க முடியாத முடிவு என்பதே அதன் பொருள். அத்தகைய வழக்குகள் அருமையாகவே வெல்கின்றன. ஆதலின், ஊழியரின் வாதம் பெரும்பாலும் நடைமுறைப் பிறழ்வைச் சார்ந்தே அமைகிறது.

பல்கலைக்கழகம் போன்ற சட்டபூர்வ நிறுவனங்களின் ஊழியர் 135ஆவது பிரிவின்கீழ் வருவதில்லை. அவர்களுக்கு இயற்கை நீதியும், 2000ஆம் ஆண்டுச் சட்டபூர்வ நிறுவனங்கள் கட்டொழுங்குச் சட்டமும் பொருந்தும். அச்சட்டத்திற்கு முன்பே, 1989ஆம் ஆண்டில் வெளிவந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழக விரிவுரையாளர் வழக்கில், கட்டொழுங்கு முடிவுக்குரிய காரணங்களைக் கூறுவதும் இயற்கை நீதியின் கூறு என்று பினாங்கு உயர் நீதிமன்றம் கருதியது. காரணம் கூறப்படாத முடிவைச் சோதிக்க இயலாது என்பதே இதன் உட்கருத்து.

6. கேட்டல் எழுத்திலும் நிகழும்

‘கேட்கப்படுதல்’ என்ற சொல் நம் மனத்தில் ஒரு கூடத்தையும் எதிரெதிர் நாற்காலிகளையும் தோற்றுவிக்கிறது. சட்டம் அவ்வாறு பொருள்கொள்ளவில்லை. 1976ஆம் ஆண்டில் நஜார் சிங் வழக்கில் பிரிவி கவுன்சில், நியாயமான வாய்ப்பு என்பது நேர்முக விசாரணையாகவே அமைய வேண்டியதில்லை என்றும், எழுத்துவழி விளக்கமளிக்கும் வாய்ப்பே போதுமாகலாம் என்றும் தீர்ப்பளித்தது. பின்வந்த மலேசியத் தீர்ப்புகள் பலவும் இதனையே பின்பற்றியுள்ளன. நேர்முக விசாரணை இல்லாமல் நீதி வழங்க இயலாத அளவிற்கு உண்மைகள் முரண்படும் வழக்குகளில் மட்டுமே மாற்று வாதத்திற்கு இடமுண்டு.

1993ஆம் ஆண்டு அரசு அதிகாரிகள் நடத்தையும் கட்டொழுங்கும் பற்றிய ஒழுங்குவிதிகள், பின்னைய திருத்தங்களோடு, இந்நடைமுறையை வரையறுக்கின்றன. பதவிநீக்கத்தையோ பதவியிறக்கத்தையோ கருதும் நடவடிக்கையில், குற்றச்சாட்டின் விவரங்களையும் அதற்கான ஆதாரங்களையும் கூறும் கடிதம் ஊழியருக்கு அனுப்பப்படும். அலுவலகங்களில் ‘துஞ்சுக் செபாப்’ கடிதம் என்று வழங்குவது இதுவே. பதிலளிக்க 21 நாள்கள் தரப்படும். பதில் வந்தபின் கட்டொழுங்கு வாரியம் முடிவெடுக்கும். மேலும் விளக்கம் தேவையென்று வாரியம் கருதினால் விசாரணைக் குழு ஒன்றை அமைக்கலாம். கருதாவிடில் அமைக்க வேண்டியதில்லை. விதிக்கக்கூடிய தண்டனைகள் ஏழு: எச்சரிக்கை, அபராதம், ஊதிய உரிமை இழப்பு, ஊதிய உயர்வு ஒத்திவைப்பு, ஊதியக் குறைப்பு, பதவியிறக்கம், பதவிநீக்கம்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. அந்த 21 நாள்களில் எழுதப்படும் பதிலே பெரும்பாலான ஊழியருக்கு முதலும் கடைசியுமான விசாரணை. அதில் எழுதப்படாத உண்மை வாரியத்தின்முன் இல்லாத உண்மையாகும். பின்னர் உயர் நீதிமன்றத்தில் அதனைப் புதிதாகக் கூறினால், முடிவெடுத்தவர்முன் அது வைக்கப்படவில்லை என்ற மறுமொழியே கிடைக்கும். வெறும் மன்னிப்பு, பணிவின் அடையாளமாக நம் மரபில் மதிக்கப்படலாம். கோப்பில் அது குற்ற ஒப்புதலாகவே படிக்கப்படும். தோட்டத்தில் துரைமுன் கைகட்டி நின்று கேட்ட மன்னிப்பு பலமுறை வேலையைக் காத்ததுண்டு. அப்பழக்கத்தை மலாய்மொழிக் கடிதத்தில் இரண்டு வரியாக எழுதி அனுப்புவோர் தம் வழக்கைத் தாமே முடித்துவிடுகின்றனர்.

பதில் எழுதும்முன், தமக்கு எதிராகச் சார்ந்திருக்கும் அறிக்கைகள், வருகைப் பதிவேடுகள் முதலியவற்றின் நகல்களை எழுத்துமூலம் கோருவது கண்டா தீர்ப்பு தந்த உரிமையின் பயன்பாடாகும். நகல் மறுக்கப்பட்டால், அம்மறுப்பே பிற்காலச் சீராய்வில் வலுவான வாதமாகும். கோராமலே இருந்துவிட்டால் அவ்வாதம் வலுவிழக்கும்.

7. தண்டனையின் அளவு

குற்றம் மெய்யே, ஆனால் அதற்குப் பதவிநீக்கம் மிகை என்று ஊழியர் கருதினால் நீதிமன்றம் தலையிடுமா? இதில் மலேசியத் தீர்ப்புகள் இரு திசைகளில் சென்றுள்ளன.

1996ஆம் ஆண்டில் வெளியான டான் தெக் செங் வழக்கில் தொடக்கப்பள்ளி ஒன்றின் மூத்த துணைத் தலைமையாசிரியர், நம்பிக்கை மோசடி தொடர்பான குற்ற வழக்கையடுத்துக் கல்விச் சேவை ஆணையத்தால் நீக்கப்பட்டார். குற்ற வழக்கின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்காமல் நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு காக்கும் ‘உயிர்’ என்பது வெறும் உயிர்வாழ்தல் அன்று, வாழ்வாதாரமும் அதனுள் அடங்கும் என்று விளக்கினார். 8ஆவது பிரிவின் சமத்துவக் கோட்பாட்டோடு அதனை இணைத்து, நடைமுறை நியாயமும் தண்டனையின் நியாயமும் அரசியலமைப்பு உரிமைகளே என்றார். பதவிநீக்கம் பதவியிறக்கமாக மாற்றப்பட்டது. வேலையை இழப்பது ஒரு குடும்பத்தின் உணவை இழப்பது என்பதைச் சட்டமொழியில் பதித்த தீர்ப்பாக இதனைக் கொள்ளலாம்.

எனினும், 1998ஆம் ஆண்டில் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த இங் ஹோக் செங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றது. கேட்கும் வாய்ப்பு முறைப்படி அளிக்கப்பட்டிருந்தால், எத்தண்டனை விதிப்பது என்பது கட்டொழுங்கு அதிகாரியின் தெரிவே. நீதிமன்றம் தன் தெரிவை அதன் இடத்தில் வைக்கலாகாது என்றது. உயர்ந்த மன்றத்தின் தீர்ப்பாதலின் இதுவே வலுவுடையது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டுச் சதுர்வேதி வழக்கில் நடுவழி ஒன்றைக் காட்டியது: தண்டனை நீதிமன்றத்தின் மனச்சான்றை அதிரவைக்கும் அளவிற்கு மிகையாயின் தலையிடலாம்.

என் கருத்தில் டான் தெக் செங் தீர்ப்பின் உள்ளக்கிடக்கை நியாயமானது. பதவிநீக்கம் பெற்றவர் சம்பளத்தோடு ஓய்வூதியத்தையும் இழக்கிறார். அரசாங்க வேலையின் கதவும் அவருக்கு அடைபடுகிறது. ஏழு தண்டனைகளுள் கடைசியானதைத் தெரிவுசெய்வதற்கு முந்தைய ஆறும் ஏன் போதா என்று கூறும் கடமையேனும் வாரியத்திற்கு இருத்தல் வேண்டும். நீதிமன்றம் தண்டனையை மாற்றாவிடினும், அவ்விளக்கத்தைக் கோரலாம் என்பது ஏற்கத்தக்கதே. அதுவரை, தண்டனையைக் குறைக்கும் வேண்டுகோளையும் அந்த 21 நாள் பதிலிலேயே எழுதிவிடுவது அறிவுடைமை. நீண்ட சேவை, முந்தைய நற்சான்று, குடும்பச் சூழல் ஆகியவை அங்கேயே இடம்பெற வேண்டும்.

8. காலக்கெடு

முறைப் பிறழ்வு எவ்வளவு வெளிப்படையாக இருப்பினும், காலம் கடந்தால் பயனில்லை. சீராய்வுக்கு முதலில் உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். 1980ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளின்கீழ் முடிவை இரத்துச் செய்யக் கோரும் மனுவுக்குத் தொடக்கத்தில் ஆறு வாரமே இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 40 நாளாக்கியது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நடைமுறையிலுள்ள நீதிமன்ற விதிகளின் 53ஆவது ஆணை மூன்று மாதங்கள் தருகிறது. முடிவு ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து இது கணக்கிடப்படும். தகுந்த காரணம் இருப்பின் நீட்டிப்பு வழங்கலாம். சட்டம் தெரியாது என்பதைத் தகுந்த காரணமாக ஏற்கச் செய்தல் எளிதன்று.

கண்டா சீராய்வு மனுவின்றி, அறிவிப்பு கோரும் சாதாரண வழக்கின்வழி வென்றார். அவ்வழி இன்று பெரிதும் அடைபட்டுவிட்டது. ஜொகூர் மாநிலப் பண்பாட்டுத் துறையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவரின் வழக்கில், பொதுச் சட்டம் சார்ந்த முடிவை எதிர்ப்போர் 53ஆவது ஆணையின்வழியே வர வேண்டும் என்றும், காலக்கெடுவைத் தவிர்க்க வேறு வழியை நாடுவது நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்றும் 2010ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அலுவலகத்திற்குள்ளேயே மேல்முறையீட்டு வாரியம் உண்டு. அதற்குரிய காலம் இன்னும் குறுகியது. அதன் விடைக்காகவோ, அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிய மனுக்களின் விடைக்காகவோ காத்திருப்போர் மூன்று மாதத்தைக் கணக்கில் வைத்திருத்தல் இன்றியமையாதது. மனுக்கள் நாள்காட்டியை நிறுத்துவதில்லை.

வெற்றி பெற்றால் கிடைப்பது யாது என்பதையும் அளவறிந்து கொள்ளல் வேண்டும். நீக்கம் இரத்தானால் ஊழியர் சேவையில் நீடித்தவராகக் கருதப்படுவார். ஊதிய நிலுவைக்கும் வாதிடலாம். ஆனால் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் கூறியதாகாது. நிர்வாகம் பிழையைத் திருத்திக்கொண்டு முறைப்படி மீண்டும் நடவடிக்கை எடுக்கலாம்.

9. முடிவுரை

பொது நிர்வாகத்தின் கட்டொழுங்கு அதிகாரம் தேவையானதே. பணிக்கு வராதவரையும் பொதுப் பணத்தைக் கையாடியவரையும் கேட்பாரின்றி விட்டால் இழப்பு பொதுமக்களுடையது. நீதிமன்றம் அவ்வதிகாரத்தைப் பறித்துத் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. முடிவெடுக்குமுன் கேள் என்பதையே வலியுறுத்துகிறது. அக்கேள்வி பெரும்பாலும் காகிதத்தில் நிகழ்கிறது என்பதும், அதற்கு 21 நாளே உண்டு என்பதும், அதன்பின் நீதிமன்ற வாயில் மூன்று மாதமே திறந்திருக்கும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயன்ற செய்திகள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அண்ணனை அலோர் ஸ்டாரில் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கடிதங்களைப் படித்தார். கடித உறைகளில் இருந்த அஞ்சல் முத்திரைகளையும் பார்த்தார். தாயாரின் மருத்துவமனைச் சீட்டுகளையும் பார்த்தார். அவை ஒன்றுவிடாமல் பத்திரமாக இருந்தன. “இவற்றை அப்போதே இணைத்திருந்தால்” என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வழக்குத் தொடுக்கப்படவில்லை. அண்ணன் இன்று கோலக்கெட்டில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார்.

இளைஞர் இயக்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நம் வட்டாரங்களில் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று பயிலரங்கு நடத்துகின்றன. அது பாராட்டத்தக்க பணி. அப்பயிலரங்கின் இறுதியில் ஒரு மணி நேரம், காரணம் கோரும் கடிதம் வந்தால் பதில் எழுதுவது எப்படி என்பதற்கும் ஒதுக்கப்படல் வேண்டும். கடிதம் கைக்கு வந்த நாளை உறையின்மேல் குறித்துவைத்தல், ஆவண நகல்களை எழுத்தில் கோருதல், நடந்ததை நாள்வாரியாகச் சான்றுகளோடு எழுதுதல், அனுப்பியதற்கு ஏற்புச் சான்று பெறுதல் ஆகிய நான்கையும் கற்பிக்க வழக்கறிஞர் தேவையில்லை. ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரே போதும்.